லகானை விட்டால் நிற்கும் குதிரை

துணைமின் நிலையத்தில் பொறியாளரான கரொலினுக்கு ஷிஃப்ட் மாறிய மூன்றாவது வாரம், அவளுடைய குதிரை பிஜுவின் பின்னங்கால்கள் இரண்டும் வீங்கின.

பிஜு பெண்குதிரை. செவலை நிறம், நெற்றியில் சுண்ணாம்பால் தொட்டு வைத்தது போல ஒரு பொட்டு. பிரெஞ்சில் பிஜு என்றால் நகை. பெயர் வைத்தவள் துலூஸ் நகரத்தில் இருக்கும் பெரியப்பா மகள் நத்தாலி. தன்னிடம் சும்மா கிடந்த சேணத்தைக் கரொலினுக்கு அனுப்பி வைத்தவள், அந்த உரிமையில் பெயரையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் அதைக் கேட்டவர்களில் பாதிப்பேர், "பொட்டக் குதிரைக்கு ஏங்க மலையாளத்தான் பேரு?" என்றார்கள். மீதிப்பேர் சிரித்ததோடு சரி.

கால்நடை மருத்துவர் வினோதா வந்து, வீங்கிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி விழுந்து, மெதுவாக மேலே வந்தது.

"நோயெல்லாம் ஒண்ணுமில்ல. நின்னு நின்னு வந்த வீக்கம். வாரத்துக்கு எத்தன நாள் ஏறுறீங்க?"

"முன்னாடி தெனம். இப்ப ரெண்டு நாள்."

"அதான்."

கரொலினுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எந்தப் பொருளும் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் அதனோடு வாழ முடியாது. குதிரை வாங்கிய புதிதிலேயே காலைப் பற்றிப் படித்து வைத்திருந்தாள். நமக்குக் கெண்டைக்காலில் சதை இருக்கிறது. நடக்கும்போது அது இறுகித் தளர்ந்து, கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே அப்படிச் சதையே கிடையாது. எலும்பும் நாரும் தோலும்தான். அங்கே தள்ளுகிற வேலையைக் குளம்பு பார்த்துக்கொள்கிறது. குளம்பின் அடியில் ரப்பர் போல ஒரு முக்கோண மெத்தை உண்டு. கால் ஊன்றினால் நசுங்கி விரியும், தூக்கினால் சுருங்கும். ஒவ்வோர் அடியும் ஒரு பம்பு அடி. நாலு காலிலும் நாலு பம்பு. ஓடுகிற குதிரைக்கு நாலும் ஓடும். கொட்டகையில் நிற்கிற குதிரைக்கு நாலும் ஆஃப். வயிறும் அப்படித்தான். நடந்தால்தான் குடல் நகரும். நகராத குடல் ஒரு நாள் முறுக்கிக்கொண்டால், காப்பாற்ற காரைக்காலில் ஆள் கிடையாது.

"இன்னொரு ஆளப் புடிங்க," என்றார் வினோதா, கையைக் கழுவிக்கொண்டே. "நல்லா ஏறத் தெரிஞ்ச ஆளு. வாரத்துக்கு நாலு நாளு. இல்லன்னா வித்துடுங்க. ரெண்டும் கெட்டானா வச்சிருக்காதீங்க."

கொட்டகையின் சொந்தக்காரர் சிங்காரவேலன் பால் கேனை வைத்துவிட்டு வந்தார். பதினோரு மாடுகளோடு பிஜுவுக்கும் தண்ணீர் காட்டிப் புல் போடுகிறவர் அவர்தான்.

"தஞ்சாவூருலேருந்து ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு மேடம். மாப்பிள்ள ஊர்வலத்துக்கு. பொட்டு இருக்குற குதிரைன்னா அவங்களுக்கு ராசி."

காதோரம் பேண்டு வாத்தியம், காலடியில் சரவெடி, முதுகில் லகானைப் பிடிக்கத் தெரியாத ஒரு கோட்டுசூட்டு. கரொலின் ஒரு விநாடி அதை நினைத்துப் பார்த்தாள்.

"ஆள் பாப்போம்ண்ணே," என்றாள்.

*

ஆள் தானாகவே வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரைச் சாலையில் பிஜு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஸ்கூட்டி பத்தடி பின்னால் ஆரன் அடிக்காமல், முந்தாமல், அரை கிலோமீட்டர் தொடர்ந்து வந்தது. குதிரையைப் பற்றித் தெரிந்தவர்கள் மட்டுமே அப்படி வருவார்கள். கரொலின் திரும்பிப் பார்த்தாள். கறுப்பு அபாயா, வெள்ளை ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "அக்கா, எறங்கச் சொல்லல. ஒரே ஒரு தடவ கழுத்தத் தொட்டுக்கிறேன்," என்று ஒரு குரல்.

பெயர் அஸ்ஃபியா, வயது இருபத்தாறு. வாப்பா நூர் அகமது ஷார்ஜாவில் கடை வைத்திருந்தபோது அங்கேயே வளர்ந்து, அங்கே ஒரு குதிரையேற்ற மன்றத்தில் எட்டு வருடம் கற்றவள். குடும்பம் காரைக்காலுக்குத் திரும்பி மூன்று வருடம் ஆகிறது. மதியத்துக்குமேல் வீட்டிலிருந்தபடியே கணினி வேலை. காலைகள் முழுக்கக் காலி. மூன்று வருடமாக ஒரு குதிரையையும் தொடவில்லை.

பேசி முடித்தார்கள். ஒரு மாதம் பரீட்சை. புதனும் ஞாயிறும் கரொலினுக்கு. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி அஸ்ஃபியாவுக்கு. சனிக்கிழமை குதிரைக்கு. மாத முடிவில் இருவரில் யாருக்குப் பிடிக்காவிட்டாலும் மனவருத்தம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

முதல் நாள் அஸ்ஃபியாவின் தாயார் கமருன்னிசாவும் ஆட்டோவில் கூடவே வந்தார். ஆட்டோவை விட்டு இறங்காமலே விசாரணையைத் தொடங்கினார்.

"இது கடிக்குமா?"

"பல்லு இருக்கே பெரியம்மா," என்றார் சிங்காரவேலன்.

"உதைக்குமா?"

"காலும் இருக்கு."

"ஒங்களக் கேக்கல. ஒங்களுக்கு வாயி இருக்குறது தெரியுது." கமருன்னிசா கரொலின் பக்கம் திரும்பினார். "ஒரே புள்ளம்மா எனக்கு. மாப்பிள்ள பாக்குறப்ப கேக்குற மாதிரியே கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. ஏதாச்சும் கொறை கிறை இருந்தா மறைக்காம இப்பவே சொல்லிடுங்க."

"ஒரு கொறையும் இல்லங்க," என்றாள் கரொலின்.

"இத யாரு பழக்குனாக்கா?" என்று கேட்டாள் அஸ்ஃபியா. அதற்குள் அவள் பிஜுவின் கழுத்தில் முகத்தை வைத்திருந்தாள்.

"நான்தான். மொதல்லேருந்து."

சிங்காரவேலன் புல் அறுக்கும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கரொலினைப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல் சேணத்தின் வாரை இறுக்கினாள்.

*

நடந்தது வேறு. பிஜு பத்து வயதுவரை ரேக்ளா குதிரை, இரட்டைச் சக்கரப் பந்தய வண்டி இழுத்தது. காணும் பொங்கலன்று திருக்கடையூர்ப் பக்கம் நடக்கும் பந்தயத்தில் நடுத்தர உயரக் குதிரைகளுக்கான நடுக்குதிரைப் பிரிவில் ஓடியது. முன்னங்காலில் நார் பிசகியதும் உரிமையாளர் கழித்துக் கட்டினார். கரொலின் வாங்கி, எட்டு மாதம் ஓய்வு கொடுத்துக் காலைச் சரி செய்தாள்.

முதல் முறை சாலையில் ஏறிய அன்று, ஒரு மீன் வண்டி குறுக்கே வந்தது. எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். லகானை இழுத்தாள். பிஜு வேகமெடுத்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வேகம். பலத்தையெல்லாம் கூட்டிச் சாய்ந்து இழுத்தபோது சாலையோரப் புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. ஒன்றரைக் கிலோமீட்டர் கழித்து விரல்கள் மரத்துப்போய் லகான் கையிலிருந்து நழுவியது. செத்தோம் என்று கண்ணை மூடினாள். பிஜு நாலே அடியில் நின்றது. நின்றதோடு, 'எப்படி?' என்பதுபோல் காதைப் பின்னால் திருப்பியது.

வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு புரிந்தது, புரிந்ததும் பயம் போய், கைதட்டத் தோன்றியது. ரேக்ளா ஓட்டுகிறவர் வண்டியில் உட்கார்ந்து லகானை விறைப்பாகப் பிடித்திருப்பார். குதிரை வாயிலுள்ள இரும்பின்மேல் சாய்ந்துகொண்டு ஓடும். பாரம் தூக்குகிறவன் தோளுக்கு ஒரு முட்டு வேண்டும் என்கிறானே, அதுபோல அந்த இழுப்புதான் அதற்கு முட்டு. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஓட்டம். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஓட்டுகிறவர் லகானைத் தொப்பென்று விடுவார். அதுதான் முடிந்தது என்பதற்கு அடையாளம். பந்தயத்தில் ஓடிய வருடமெல்லாம் பிஜுவுக்கு இழுப்பு என்றால் 'ஓடு', விடுவது என்றால் 'நில்'. மற்றக் குதிரைகளுக்கு எல்லாம் தலைகீழ். ஒரு வீட்டில் சுவிட்சை மேலே தள்ளினால் விளக்கு எரியும், இன்னொரு வீட்டில் கீழே தள்ளினால் எரியும். சுவிட்சில் குற்றம் இல்லை. வயரைப் போட்டவர் அப்படிப் போட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து கரொலின் லகானைத் தொளதொளவென்று விட்டே ஏறினாள். உட்காரும் விதத்தாலும், "ஹோ" என்ற ஒரு குரலாலும் பிஜுவை நிறுத்தப் பழக்கினாள். இரண்டு வருடம் ஒரு முறைகூட ஓடவில்லை. பழுது சரியாகிவிட்டது என்றே முடிவுகட்டினாள். சரியான பழுதை எதற்குச் சொல்ல வேண்டும்? அதுவும் ஷார்ஜாவில் அரபுக் குதிரைகள் ஏறியவளிடம், 'இது பந்தயத்தில் கழித்துக்கட்டிய குதிரை' என்று?

"சொல்லிட்டீங்களா மேடம்?" என்று அஸ்ஃபியா வந்த முதல் நாள் சாயங்காலமே சிங்காரவேலன் கேட்டார்.

"அதெல்லாம் சரியாப் போச்சுண்ணே. லகானத் தளத்திப் புடிக்கச் சொல்லியிருக்கேன்."

"ஏன்னு சொன்னீங்களா?"

"பிஜுவுக்கு வாயி மென்மைன்னு சொன்னேன்."

"ம்," என்றார் அவர். மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டார்.

*

இரண்டு வாரத்தில் பிஜுவின் கால் வீக்கம் வடிந்தது. மூன்றாவது வாரம் தோல் மினுமினுத்தது. அஸ்ஃபியா ஏறுவதைக் கரொலின் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தாள். நேரான முதுகு, அசையாத கைகள், குதிரையின் நடையோடு கலந்துபோகும் இடுப்பு. தான் ஏறும்போது பிஜு வேலை செய்கிறது. இவள் ஏறும்போது பிஜு விளையாடுகிறது என்று தோன்றியது. புதன்கிழமை கொட்டகைக்குள் நுழைந்தபோது குதிரை தலை தூக்கி, கரொலினுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தது.

"பாத்தீங்களா," என்றார் சிங்காரவேலன், அவருக்கே உரிய கருணையோடு. "மருமவ வந்ததும் மாமியார மறந்துடுச்சு."

"புல்ல போடுங்கண்ணே. வாயப் போடாதீங்க."

சிரித்தாலும் உள்ளே ஒரு முள் குத்தியது. மாத முடிவில் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். வீங்கிய காலில் வினோதாவின் கட்டைவிரல் பதித்த குழி நினைவுக்கு வந்து, இரண்டு முறையும் அந்த நினைப்பை விட்டாள்.

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் துணைமின் நிலையத்தில் கரொலினின் செல்பேசி அடித்தது.

"அக்கா." அஸ்ஃபியாவுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணும் ஆகல. மொதல்ல அதக் கேட்டுக்குங்க. எனக்கும் ஒண்ணுமில்ல, பிஜுவுக்கும் ஒண்ணுமில்ல."

வயல் வரப்பை ஒட்டிய ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, காரைக்கால் பேருந்து பின்னால் வந்து நீளமாக ஆரன் அடித்திருக்கிறது. அஸ்ஃபியாவின் கை தானாக லகானைச் சுருட்டிப் பிடித்திருக்கிறது. எட்டு வருடம் பழகிய கை. பிஜு பாய்ந்தது. இழுக்க இழுக்கப் பாய்ந்தது. எதிரே பெரிய சாலை. வேறு வழியில்லாமல் ஒரு பக்க லகானை மட்டும் பிடித்துத் திருப்பி, வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறக்கி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி, வட்டத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி நிறுத்தியிருக்கிறாள்.

கரொலின் பதறி எழுந்தாள். அதோடு, இதை இப்படிச் செய்ய எத்தனை பேரால் முடியும் என்ற வியப்பும் வந்தது.

"என் கைதான் கெட்டுப்போச்சுக்கா. மூணு வருஷம் தொடாம இருந்தேன்ல. நீங்க தளத்திப் புடின்னு சொல்லியும் இழுத்துட்டேன். எவ்வளவு நல்லாப் பழக்குன குதிர, நான் கெடுத்துட்டேன். நான் இனிமே வரலக்கா. அதச் சொல்லத்தான் போன் போட்டேன்."

"நான் வர்றேன். அங்கயே இரு," என்றாள் கரொலின்.

ஆனால் அவளால் உடனே போக முடியாது. எல்.சி. வெளியே இருந்தது.

எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பத்தில் ஏறும் லைன்மேன் முதலில் நிலையத்தைக் கூப்பிடுவார். பொறியாளர் அந்த லைனை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை மாட்டி, பதிவேட்டில் எழுதி, ஓர் எண் கொடுப்பார். வேலை முடிந்து இறங்கியதும், அதே ஆள், அதே எண்ணைச் சொல்லித் திருப்பித் தரவேண்டும். அதுவரை அந்தச் சுவிட்சை யார் சொன்னாலும் போடக்கூடாது. 'அவரு எறங்கிட்டாரு, நான் பாத்தேன்' என்று கூட இருந்தவர் சொன்னாலும் கூடாது. கொடுத்தவர் நகரவும் கூடாது. இந்த ஒரு பழக்கத்தால்தான் லைன்மேன்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார்கள்.

அன்று நெரவியில் ஒரு கம்பத்தில் லைன்மேன் பீர் மைதீன் ஏறியிருந்தார். கரொலின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

யோசிக்க நேரம் இருந்தது. அதுதான் தொந்தரவு. அஸ்ஃபியா தானே விலகிக்கொள்கிறேன் என்கிறாள். தப்பைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறாள். 'பரவாயில்லம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் வெளியே வராது, பிஜுவும் மறுபடி தன் குதிரை. ஆனால் அந்தப் பெண் இனி எந்தக் குதிரைமேலும் ஏறமாட்டாள். பிஜுவின் கால் மறுபடி வீங்கும்.

அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. பழுது சரியாகவே இல்லை. இரண்டு வருடமாக அவள் லகானை இழுக்கவில்லை, அவ்வளவுதான். லோடு போடாத லைனில் எந்தப் பழுதும் தெரியாது. இது அவளுக்குத் தெரியாத பாடமா? 'தளர்த்திப் பிடி' என்று சொன்னாள், ஏன் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாத விதி சும்மா இருக்கும்போது நினைவில் நிற்கும். அவசரத்தில் கை பழைய பழக்கத்தைத்தான் தேடிப்போகும்.

பத்து நாற்பதுக்கு பீர் மைதீன் கூப்பிட்டார்.

"மேடம், பீர் மைதீன். நெரவி, எல்.சி. நம்பர் பதினேழு, ரிட்டர்ன். ஆளு, சாமான் எல்லாம் எறங்கியாச்சு. ஒண்ணு எழுதிக்குங்க. அந்தப் போஸ்ட்ட இழுத்துக் கட்டியிருக்குற ஸ்டே கம்பி அடியில துருப்புடிச்சிருக்கு. நான் பாத்து ஏறிட்டேன். அடுத்தாப்ல ஏறுறவனுக்குத் தெரியணும்ல."

கரொலின் எழுதினாள். ஒரு விநாடி பேனாவைத் தூக்கவில்லை.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மைதீன். எழுதிட்டேன்."

சுவிட்சைப் போட்டாள். இன்னொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, இரண்டு மணிநேரம் அனுமதி எழுதிக்கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

*

கொட்டகை வாசலில் சத்தம் கேட்டது. வயலுக்குச் சொந்தக்காரர் சண்முகசுந்தரம், நெல்லறுப்புக்கு முன் தெளித்து இப்போது பூத்து நிற்கும் உளுந்தில் குதிரை போட்ட வட்டத்தைக் கைகளால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"செக்கு சுத்துற மாதிரி சுத்தியிருக்கு! உளுந்துல குதிரைய உட்டு வயல்லயே வடைக்கு அரைக்கிறீங்களா?"

"அது குதிர மேல தப்பு இல்ல மாமா," என்றார் சிங்காரவேலன்.

"அப்ப உளுந்து மேல தப்பா?"

"என் மேல," என்றாள் கரொலின், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "சாயந்தரம் வந்து பாக்குறேன்ங்க. என்ன செய்யணுமோ செஞ்சுதர்றேன்." அவர் முனகிக்கொண்டே போனார்.

உள்ளே அஸ்ஃபியா பிஜுவின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குளிர்ந்த தண்ணீர், கீழிருந்து மேலாக, தடவித் தடவி. அவள் நிமிரவில்லை.

"அஸ்ஃபியா, தண்ணிய நிறுத்து. நான் சொல்றதக் கேளு. ஒங்கையில ஒண்ணுமில்ல. இது ரேக்ளா குதிர."

குழாய்த் தண்ணீர் தரையில் ஓடியது.

கரொலின் எல்லாவற்றையும் சொன்னாள். திருக்கடையூர், நடுக்குதிரைப் பந்தயம், பிசகிய நார், மீன் வண்டி, புளியமரங்கள், நழுவிய லகான். எந்த இடத்தையும் விடவில்லை. 'மொதல்லேருந்து நான்தான் பழக்குனேன்' என்றதையும் திரும்பச் சொல்லி, அது பொய் என்றாள்.

அஸ்ஃபியா போய்க் குழாயை மூடினாள். பிறகு, சத்தமில்லாமல், "உம்மா கேட்டாங்களேக்கா," என்றாள்.

"கேட்டாங்க."

"மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்க."

"ஆமா."

"ரெண்டு மணிநேரமா எட்டு வருஷத்தையும் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். இழுத்தா ஓடும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆரன் கேட்டதும் விட்டிருப்பேன்ல? விட்டிருந்தா நின்னிருக்கும்ல?"

"நின்னிருக்கும்."

"இத உம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். இப்பவே."

கரொலின் செல்பேசியை எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்; மறைத்தது போதும். கமருன்னிசா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பின்னணியில் குக்கர் இரண்டு விசில் விட்டது.

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க மாதிரியே பண்ணிட்டீங்களேம்மா," என்றார் கடைசியில். "கேட்டப்ப தங்கம்னாங்க, கட்டுனப்புறம் தெரிஞ்சிது."

"தப்புதாங்க."

"தப்புதான். நீங்களே போன் போட்டுச் சொன்னீங்க, அதையும் மனசுல வச்சிக்கிறேன். அஸ்ஃபியா, அடி எதுவும் படலயே?"

"இல்ல உம்மா."

"அல்லாஹ் காப்பாத்துனான். ஏம்மா, நீங்க சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. இழுத்துப் புடிச்சா ஓடும், விட்டுட்டா தானா வந்து நிக்கும். அப்புடியா?"

"அப்புடித்தாங்க."

"இதுக்குப் போயி இம்புட்டு ஆர்ப்பாட்டமா? எங்க வூட்டு ஆளு முப்பது வருஷமா அப்புடித்தான். ஷார்ஜாவுலேருந்து அவர வரவச்சதே, 'அங்கயே இருங்க'ன்னு சொல்லித்தான்." குக்கர் மூன்றாவது விசில் விட்டது. "ஏறுறதும் ஏறாததும் அவ இஷ்டம். ஆனா இனிமே எதுவா இருந்தாலும் எழுதி வைங்க."

சிங்காரவேலன் மாட்டின் மறுபக்கம் போய் நின்று தோள் குலுங்கச் சிரித்தார். அஸ்ஃபியா உதட்டைக் கடித்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

"காட்டுங்கக்கா," என்றாள். "சொன்னது போதும். கண்ணால பாக்கணும்."

கொட்டகைக்குப் பின்னால் அறுவடைக் களம் காலியாகக் கிடந்தது. கரொலின் ஏறினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக, வேண்டுமென்றே லகானைச் சுருட்டிப் பிடித்தாள். பிஜுவின் கழுத்து வில்லாக வளைந்தது, காதுகள் முன்னால் நிமிர்ந்தன, முதுகு கீழே இறங்கியது. எந்த வண்டியும் இல்லாத களத்தில், பின்னால் சக்கரம் உருளுவதைக் கேட்டதுபோல் அது புறப்பட்டது. களத்தின் பாதியில் கரொலின் விரல்களைத் திறந்தாள். லகான் தொப்பென்று பிடரியில் விழுந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றது.

"மாஷா அல்லாஹ்," என்றாள் அஸ்ஃபியா. பயந்த முகம் போய், ஒரு கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்தவளின் முகம் வந்திருந்தது. "அப்ப இத நாம மாத்த வேண்டியதே இல்லக்கா! கத்துக்க வேண்டியது நம்ம கைதான். அவசரத்துல விட்டுடணும். எறங்குங்க, எறங்குங்க."

அவள் ஏறினாள். முதல் முறை கை மறுத்தது. விட வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கியது. இரண்டாம் முறையும் தாமதம். மூன்றாம் முறை சிங்காரவேலன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலிப் பால் கேனைத் தூணில் டணாரென்று அடித்தார். பிஜு துள்ளியது. அஸ்ஃபியாவின் விரல்கள் திறந்தன. பிஜு நின்றது.

"யோவ் அண்ணே!" என்றாள் கரொலின்.

"பஸ்ஸுக்காரன் சொல்லிட்டா அடிக்கிறான்?" என்றார் அவர்.

பதினோரு முறை செய்தார்கள். பதினோராவது முறை கேன் அடித்தபோது கை யோசிக்கவே இல்லை. அஸ்ஃபியா இறங்கி வந்து, மூக்கை பிஜுவின் மூக்கோடு வைத்து ஊதினாள். பிறகு கரொலினிடம் திரும்பி, "பரிட்ச மாசம் ஞாயித்துக்கெழம முடியுது," என்றாள். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

கரொலினிடம் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. சொல்லும்போது அந்த முள் எங்கே போனதென்று தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் குத்தவில்லை.

"நாலு நாளு ஒனக்கு, ரெண்டு நாளு எனக்கு. ஒரு விதி சேத்துக்கலாம். நோட்டு."

திரும்பும் வழியில் கடையில் ஒரு நீளப் பதிவேடு வாங்கினாள். முதல் பக்கத்தில் பிஜுவைப் பற்றித் தனக்குத் தெரிந்தது முழுவதையும் எழுதினாள். திருக்கடையூரிலிருந்து தொடங்கி, இடது முன்னங்கால் நார், மீன் வண்டி, வாழைத்தோலுக்குப் பயம், இடிக்குப் பயம் இல்லை என்பதுவரை ஒன்றரைப் பக்கம் வந்தது. ஏறுகிறவர், எல்.சி. மாதிரியே, ஓர் எண் போட்டுத்தான் குதிரையை எடுக்க வேண்டும். இறங்கியதும் அவரே கூப்பிட்டு அதே எண்ணைச் சொல்லித் திருப்பித் தரவேண்டும். அந்த ஒரு மணிநேரம் மற்றவர் செல்பேசியை விட்டு நகரக்கூடாது.

திங்கள்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குத் துணைமின் நிலையத்தில் கரொலினின் செல்பேசி அடித்தது.

"கோட்டுச்சேரி, அஸ்ஃபியா. நம்பர் ஒண்ணு, ரிட்டர்ன். ஆளு, குதிர ரெண்டும் எறங்கியாச்சு." பின்னால் சிங்காரவேலன், 'குதிர எதுலேருந்து எறங்குச்சு?' என்று கேட்பது கேட்டது. "அண்ணே, சும்மா இருங்க. அக்கா, ஒண்ணு எழுதிக்குங்க. வலது பின்னங்கால் லாடத்துல வெளிப்பக்க ஆணி ஒண்ணு தளந்திருக்கு. நான் மண்ணுல மட்டும்தான் நடத்துனேன். ரோட்டுக்கு எடுத்தா கழண்டுடும்."

"நாளைக்கும் நீதான ஏறுற?"

"ஆமா. ஆனா புதன்கெழம நீங்க."

கரொலின் எழுதிக்கொண்டாள். பிறகு லாடம் கட்டுகிறவரைக் கூப்பிட்டு, சாயங்காலமே வரச்சொன்னாள்.